ஜீரோ வாட் பல்பும் 4,788 கோடி யூனிட்டும்

இந்திய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ‘ஜீரோ வாட் பல்பு’ என்றொரு பொருள் எரிந்துவந்தது. படுக்கையறைச் சுவரில் நீலமாகவும் பூஜை அறையில் சிவப்பாகவும் இரவு முழுவதும் விழித்திருந்த சின்னஞ்சிறு குண்டு பல்பு அது. மின்சாரமே உண்ணாமல் எரியும் பல்பு உலகில் இல்லை. ஜீரோ வாட் பல்பும் 12 முதல் 15 வாட் வரை இழுத்துக்கொண்டுதான் எரிந்தது. பழைய சுழல்தட்டு மீட்டர்களில் அந்தச் சிறிய சுமை பதிவாகவில்லை. ஆகவே அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். மீட்டர் காணாததை மக்கள் மொழி ‘ஜீரோ’ என்று அழைத்தது. இன்று ஒரு முழு அறைக்கு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு, அந்த ‘ஜீரோ’வைவிடக் குறைவான மின்சாரத்தில் எரிகிறது.

இந்தப் பெயரைக் கேட்டுப் படித்தவர்கள் புன்னகைப்பதுண்டு. பாமர மக்களின் அறியாமை என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. ஆனால் அதே படித்தவர்கள், மீட்டர் காணாத இன்னோர் எண்ணை ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் தயக்கமின்றி எழுதிவருகிறார்கள். உஜாலா திட்டத்தின் எல்.இ.டி. பல்புகளால் இந்தியா ஆண்டுதோறும் சேமிப்பதாகச் சொல்லப்படும் மின்சாரம்: ஏறத்தாழ 4,788 கோடி யூனிட். இந்த எண்ணை எந்த மீட்டரும் அளந்து தரவில்லை. பெருக்கல் வாய்பாடு தந்த எண் இது. ஜீரோ வாட் என்ற பெயருக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, முன்னதைப் படிக்காதவர்கள் நம்பினார்கள், பின்னதைப் படித்தவர்கள் நம்புகிறார்கள் என்பது மட்டுமே.

முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. எல்.இ.டி. பல்பு ஓர் உண்மையான முன்னேற்றம். குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது. மீதி முழுவதும் வெப்பம். 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 700 லூமென் ஒளி. அதே ஒளியை 9 வாட்டுக்குள் தந்துவிடுகிறது எல்.இ.டி. நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு தகுதியின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டது.

இந்தியா செய்த காரியமும் சிறியதன்று. 2014இல் புதுச்சேரியில் நடந்த முன்னோட்டத்தின்போது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2015 ஜனவரி 5 அன்று நாடளாவிய திட்டமாகத் தொடங்கப்பட்ட பின், மொத்தக் கொள்முதலாலும் திறந்த ஏலப் போட்டியாலும் 2016இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. நான்கு பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். இதை முன்னின்று நடத்தியது. பல மாநிலங்களில் நுகர்வோர் மாதம் 10 ரூபாய் வீதம் மின்கட்டணத்தோடு சேர்த்தே பல்பின் விலையைக் கட்டி முடித்தார்கள். ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் சாட்சி சொல்லும் சாதனை இது; இதை மறுப்பவர் யாரும் இல்லை.

பல்பின் மீது குறை இல்லை. பல்பின் பெயரால் உலவும் எண்ணின் மீதும், அந்த எண்ணை வகுத்துப் பார்க்காமல் எடுத்தாளும் கல்வியுலகின் மீதும்தான் வழக்கு.

வகுத்துப் பார்ப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். கைப்பேசியில் உள்ள கணிப்பான் போதும். 2020 ஜனவரியில் அரசு வெளியிட்ட கணக்கு: வழங்கிய பல்புகள் 36.13 கோடி, ஆண்டுச் சேமிப்பு 4,692 கோடி யூனிட். 2025 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு: பல்புகள் 36.87 கோடி, ஆண்டுச் சேமிப்பு 4,788 கோடி யூனிட். முதல் சேமிப்பை முதல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பல்புக்கு 129.9 யூனிட். இரண்டாவதை வகுத்தாலும் 129.9 யூனிட். இடையே ஐந்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஒரு பெருந்தொற்றுக் காலம் வந்துபோயிருக்கிறது. கோடிக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறியிருக்கின்றன. மின்னழுத்த ஏற்ற இறக்கங்கள் வழக்கம்போல் நிகழ்ந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கின்படி 36 கோடி பல்புகளில் ஒன்றுகூட ஃபியூஸ் போகவில்லை, ஒன்றுகூடக் கைதவறி உடையவில்லை, ஒன்றுகூடப் பரணில் கிடக்கவில்லை.

உச்ச மின்தேவை குறைப்பு என்ற எண்ணையும் இதேபோல் வகுக்கலாம். 2020இல் 9,394 மெகாவாட், 2025இல் 9,586 மெகாவாட். இரண்டிலும் ஒரு பல்புக்குச் சரியாக 26 வாட். பணச் சேமிப்பு 19,153 கோடி ரூபாய் என்கிறார்கள். யூனிட்டுகளால் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய். கரிம உமிழ்வுக் குறைப்பை வகுத்தால் யூனிட்டுக்கு 0.81 கிலோ. ஆக, யூனிட், மெகாவாட், ரூபாய், டன் என நான்கு கண்டுபிடிப்புகளாக அணிவகுத்து நிற்பவை நான்கு அல்ல. ‘இத்தனை பல்புகள் வழங்கப்பட்டன’ என்ற ஒரே ஒரு தகவல் நான்கு வேடம் புனைந்து மேடையேறியிருக்கிறது. ஒரு கட்டுரையில் நான்கையும் அடுத்தடுத்து எழுதி, ‘பன்முகப் பயன்கள் நிறுவப்பட்டுள்ளன’ என்று முடிப்பவர், ஒரே மனிதரை நான்கு முறை எண்ணிவிட்டுக் கூட்டம் திரண்டிருப்பதாக அறிவிப்பவருக்கு ஒப்பானவர்.

அந்த 129.9 யூனிட்டுக்குள் என்ன இருக்கிறது? 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி. மாட்டியதாகக் கொண்டால் மிச்சம் 51 வாட். 51 வாட் மிச்சத்தில் 130 யூனிட் சேரவேண்டுமானால் அந்தப் பல்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,550 மணி நேரம் எரியவேண்டும். அதாவது நாள்தோறும் ஏழு மணி நேரம், ஆண்டில் ஒருநாள்கூட விடாமல். வரவேற்பறைப் பல்பு ஏழு மணி நேரம் எரியலாம். கழிவறையிலும், சமையற்கட்டின் சரக்கறையிலும், மாடிப்படியின் திருப்பத்திலும் மாட்டிய பல்புகளும் எரியுமா? பழைய பல்பு 60 வாட்டாக இல்லாமல் 100 வாட்டாக இருந்தது என்று தாராளமாகக் கொண்டாலும், ஒவ்வொரு பல்பும் தினம் நான்கு மணி நேரம் எரிந்தால்தான் கணக்கு நேராகும். மாற்றப்பட்டது குண்டு பல்பாக இல்லாமல் 14 வாட் சி.எஃப்.எல். விளக்காக இருந்தால் மிச்சமே 5 வாட்தான். அப்போது நாளின் 24 மணி நேரமும் எரிந்தாலும் ஆண்டுக்கு 44 யூனிட்டைத் தாண்டாது.

சி.எஃப்.எல். என்ற சொல் வந்துவிட்டதால் ஒரு பழைய கதையையும் நினைவூட்டுவது பொருந்தும். 2009இல் ‘பச்சத் லேம்ப் யோஜனா’ என்ற திட்டம் வந்தது. குண்டு பல்பைக் கொடுத்து, 15 ரூபாயும் கொடுத்தால் ஒரு சி.எஃப்.எல். விளக்கு கிடைக்கும். விலை வித்தியாசத்தை ஈடுகட்ட, ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சிச் செயல்முறையின்கீழ் கரிமக் கடன்களை விற்பது ஏற்பாடு. கரிமக் கடன்களின் விலை சரிந்தபோது திட்டமும் தேய்ந்தது. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருந்தது. உடைந்த சி.எஃப்.எல். குழாய்கள் காய்கறித் தோல்களோடு சேர்ந்து எந்தக் குப்பை மேட்டுக்குப் போயின என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. வீட்டு விளக்குப் பாதரசத்தை மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவரவே 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் திட்டத்தில் கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. கரிமக் கடனை வாங்குபவர் வெளிநாட்டவர் என்பதால் சேமிப்பைக் கணக்கிடும் முறை கறாராக இருந்தது. ஏ.எம்.எஸ். 2-ஜே என்ற அந்த வழிமுறை, அளந்து காட்டாதவரை ஒரு விளக்கு நாளொன்றுக்கு 3.5 மணி நேரமே எரிவதாகக் கொள்ளச் சொன்னது. காலப்போக்கில் செயலிழக்கும் விளக்குகளைக் கழிக்கச் சொன்னது. திட்டம் இல்லாவிட்டாலும் தாமாகவே மாறியிருக்கக் கூடியவர்களுக்காக மேலும் ஒரு தள்ளுபடி செய்யச் சொன்னது. திரும்பப் பெற்ற குண்டு பல்புகள் அழிக்கப்பட்டதற்குச் சான்று கேட்டது. அதே 3.5 மணி நேரத்தை உஜாலாவின் பல்புகளுக்குப் பொருத்திப் பார்த்தால், 51 வாட் மிச்சம் என்று கொண்டாலும், ஆண்டுச் சேமிப்பு 2,400 கோடி யூனிட் அளவில் நின்றுவிடுகிறது. அறிவிக்கப்பட்டதில் பாதி. செயலிழந்தவற்றைக் கழித்தால் இன்னும் கீழே. பணம் கொடுப்பவர் அந்நியராக இருந்தபோது 3.5 மணி நேரம் எரிந்த பல்பு, பெருமை மட்டும் பேசவேண்டிய இடத்தில் ஏழு மணி நேரம் எரிகிறது.

கணக்கு தன்னையே மறுத்துக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. எல்.இ.டி. பல்பின் ஆயுள் என விளம்பரப்படுத்தப்பட்டது 25,000 மணி நேரம். நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் பத்து ஆண்டுகளில் 25,550 மணி நேரம் ஆகிவிடும். அதாவது, 2015இல் மாட்டிய பல்பு, அரசுக் கணக்கின்படி எரிந்திருந்தால், 2025இல் தன் ஆயுளைக் கடந்திருக்கும். எரிந்திருந்தால் இறந்திருக்கவேண்டும்; இறக்கவில்லையென்றால் அவ்வளவு எரியவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். டாஷ்போர்டு இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்கிறது: பல்பு முழு நேரமும் எரிகிறது, ஒருபோதும் தேய்வதில்லை.

உண்மையில் எல்.இ.டி. பல்பு எப்படி இறக்கிறது என்பது எந்த மின்பொருள் கடைக்காரருக்கும் தெரியும். டையோடு நெடுநாள் தாங்கும். அதற்கு மின்சாரம் பக்குவப்படுத்தித் தரும் டிரைவர் சுற்றுதான் முதலில் போகும். மூடிய கூண்டுக்குள் தேங்கும் வெப்பமும், கிராமத்து மின்கம்பியில் ஏறி இறங்கும் அழுத்தமும் அதிலுள்ள மின்தேக்கியைத் தின்றுவிடும். தெருவோரம் அமர்ந்து, எரிந்துபோன ஒற்றை டையோடைக் கடந்து இணைப்புக் கொடுத்துப் பல்பை மீண்டும் எரியவைக்கும் தொழிலாளர்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். 36 கோடி பல்புகளில் ஒன்றும் சாகவில்லையென்றால் அவர்கள் எதைப் பழுதுபார்க்கிறார்கள்?

‘உச்ச மின்தேவை’ என்ற சொல்லும் இதேபோல் ஒரு மயக்கத்தைத் தாங்கி நிற்கிறது. விளக்குகள் குறைப்பது அந்தி நேரத்து உச்சத்தை. ஆனால் 2024 மே 30 அன்று இந்தியா தன் வரலாற்றில் அதுவரை இல்லாத 250 கிகாவாட் தேவையை எட்டியது கொளுத்தும் பகலில். அதற்குக் காரணம் குளிர்சாதனங்களும் மின்விசிறிகளும். நண்பகலில் எரியாத பல்பு நண்பகல் உச்சத்தை எப்படிக் குறைக்கும்? அந்தி நேரத்தில் சூரிய மின்சாரம் அடங்கிவிடுவதால் அந்த நேரக் குறைப்புக்குப் பெரும் மதிப்பு உண்டு என்பது மெய். அப்படியானால் ‘அந்தி நேரத் தேவை’ என்றே எழுதலாமே. எழுதினால் எண் சிறுக்காது; பொருள் மட்டும் தெளியும். தெளிவதில் யாருக்கு என்ன நட்டம்?

இந்த இடத்தில்தான் மொழி உள்ளே வருகிறது. அரசின் மீது மட்டும் பழிபோட்டுவிட்டு ஆய்வுலகம் கைகழுவ முடியாது. ஏனெனில் 2020ஆம் ஆண்டின் அரசுச் செய்திக் குறிப்பு அந்த யூனிட் எண்ணுக்கு முன்னால் ‘மதிப்பிடப்பட்ட’ என்ற பொருள்தரும் அடைமொழியை வைத்திருந்தது. ஒற்றைச் சொல்தான், ஆனால் அது நேர்மையான சொல். செய்தித்தாளில் தலைப்புக்கு இடம் போதாமல் முதலில் அந்தச் சொல் விழுந்தது. பயிற்சி நிலையங்களின் போட்டித் தேர்வுக் குறிப்பேடுகள் அதைத் தேடவே இல்லை. ஆய்வேட்டுக்கு வந்தபோது ‘சேமிக்கும் என மதிப்பிடப்படுகிறது’ என்பது ‘சேமிக்கிறது’ என்றாகி, பின் ‘சேமித்துள்ளது’ என்று இறந்தகாலத்தில் உறைந்தது. அடுத்த ஆய்வாளர் அதை மேற்கோளாக்கி ‘நிறுவப்பட்டுள்ளது’ என்று முத்திரை குத்தினார். ஒரு கருதுகோள், எந்தப் புதிய சான்றும் சேராமல், வினைமுற்றின் விகுதி மாற்றத்தாலேயே கண்டுபிடிப்பாகப் பதவி உயர்வு பெற்றது.

கொலம்பியாவுக்கும் பிரேசிலுக்கும் இடையில் பேசப்படும் துயூக்கா மொழியில் ஒரு செய்தியைச் சொல்பவர், அதைக் கண்டாரா, கேட்டாரா, ஊகித்தாரா, பிறர் சொல்லி அறிந்தாரா என்பதை வினையின் விகுதியிலேயே காட்டியாகவேண்டும். காட்டாமல் வாக்கியத்தை முடிக்க இலக்கணம் இடம் தராது. தமிழில் அத்தகைய கட்டாயம் இல்லை, வசதி உண்டு. ‘சேமித்தது’ என்பதோடு ‘ஆம்’ சேர்த்தால் ‘சேமித்ததாம்’. சொல்பவர் தாமே கண்டதன்று, கேள்விப்பட்டது என்பதை இரண்டே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் மொழி இது. ‘பக்கத்து ஊரில் மழையாம்’ என்று சொல்லும் பாட்டியிடம் இருக்கும் சான்றுணர்வு, 4,788 கோடி யூனிட்டைப் பற்றி எழுதும் ஆய்வாளரிடம் இல்லாமல் போனது எங்ஙனம்? கல்வி மொழி கூடக்கூட ‘ஆம்’ குறைந்துகொண்டே போவது பெருமைப்படத்தக்க வளர்ச்சியா?

‘சேமிப்பு’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. சேமிப்பு என்றால் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்திருக்கவேண்டும். வங்கிக் கணக்கில், குதிரில், உண்டியலில். எரியாத மின்சாரம் எங்கும் சேர்வதில்லை. அது நிகழாமல் போன ஒரு நிகழ்ச்சி. நிகழாததை அளக்க வேண்டுமானால், பல்பு மாறாமல் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை முதலில் நிறுவவேண்டும். மாற்றியவர்களையும் மாற்றாதவர்களையும் ஒப்பிடவேண்டும். முன்பு எத்தனை மணி நேரம் எரித்தார்கள், இப்போது எத்தனை மணி நேரம் எரிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 1865இலேயே ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்து எழுப்பிய கேள்விதான் இது: திறன் கூடினால் நுகர்வு குறையுமா, பெருகுமா? ஒரு குண்டு பல்பு தொங்கிய திண்ணையில் இன்று மூன்று எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றனவா என்பதை எந்தப் பெருக்கல் வாய்பாடும் சொல்லாது. சென்று பார்த்தால்தான் தெரியும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழுவது இயல்பு.

முதலாவது: ‘36 கோடி பல்புகளையும் யாரால் அளக்க முடியும்? தோராயம் இல்லாமல் கொள்கை வகுக்க முடியாது.’ முழு உண்மை. தோராயத்தை எவரும் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் 36 கோடியையும் அளக்கவேண்டிய தேவை இல்லை என்பதற்குத்தானே மாதிரி ஆய்வு என்ற ஒன்றைப் புள்ளியியல் துறை மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள்? 2020இல் சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் தன் பங்காளி அமைப்புடன் சேர்ந்து 21 மாநிலங்களில் ஏறத்தாழ 15,000 வீடுகளுக்குச் சென்று மின்பயன்பாட்டைக் கேட்டறிந்தது. ஏறக்குறைய பத்தில் ஒன்பது வீடுகளில் எல்.இ.டி. வந்துவிட்டதை அந்த ஆய்வே காட்டியது. வீடு தேடிச் சென்று கேட்பது சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சில ஆயிரம் வீடுகளில் பல்பு எரியும் நேரத்தைப் பதியும் சிறு கருவிகளைப் பொருத்துவது அதற்கு அடுத்த படி. விண்கலம் ஏவும் நாட்டுக்கு அது பெருஞ்சுமை ஆகாது.

இரண்டாவது: ‘நல்ல திட்டத்தைப் பற்றி இப்படிக் கேள்வி கேட்டால் அதன் எதிரிகளுக்குத்தான் உதவும்.’ இது அறிவுத் துறைக்குள் நுழைந்துவிட்ட பிரச்சாரத்தின் குரல். நல்ல திட்டத்துக்கு மெய்யான எண் துணை நிற்கும். பொய்யான துல்லியம் என்றாவது ஒருநாள் கால் வாரும். மேலும், உண்மையான எண் அறிவிக்கப்பட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டவும் தேவை இல்லை. அரசின் மொத்தக் கொள்முதல் சந்தை முழுவதிலும் விலையை இறக்கியது. தனியார் கடைகளில் மக்கள் தாமே வாங்கி மாட்டிய எல்.இ.டி. பல்புகள் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் திட்டத்தின் மெய்யான விளைவு இன்னும் பெரிதாகவே இருக்கலாம். அளக்காததால் இழப்பது திட்டத்தின் எதிரிகள் அல்லர், திட்டமே.

மூன்றாவது மறுப்பு மனத்தைத் தொடுவது: ‘ஏழை வீட்டில் விளக்கு எரிகிறது, அங்கே போய் யூனிட் கணக்குப் பார்ப்பது இரக்கமற்ற செயல்.’ இந்த மறுப்பே உண்மையில் அந்த எண்ணுக்கு எதிரான மிக வலுவான வாதம். 1980களின் இறுதியில் தொடங்கிய ‘குடீர் ஜோதி’ திட்டத்தில் வறிய குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கு இணைப்பு. தமிழ்நாட்டுக் குடிசைகளுக்கும் ‘ஒரு விளக்கு’ இணைப்பு என்றே பெயர். அந்த ஒற்றை விளக்கு அடுப்படிக்கு எரிந்தால் படிக்கும் பிள்ளைக்கு எரியாது. அத்தகைய ஒரு வீட்டில், அதே மின்சாரச் செலவில் இன்று மூன்று எல்.இ.டி. எரிகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே சேமிக்கப்பட்ட யூனிட் பூஜ்யம். கிடைத்த வெளிச்சமோ பன்மடங்கு. நேற்றுவரை மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த எல்.இ.டி. எந்த மின்சாரத்தைச் சேமித்தது? ஒன்றையும் சேமிக்கவில்லை, கண்ணெரிச்சலையும் புகையையும் அகற்றியது. யூனிட், மெகாவாட், ரூபாய், டன் என்று விரியும் டாஷ்போர்டில் லூமென் என்ற நிரல் இல்லை. விளக்குத் திட்டத்தின் கணக்கில் வெளிச்சத்துக்கு இடம் இல்லை. சேமிப்பை மட்டுமே வெற்றியின் அளவுகோலாக்கினால், கூடுதல் வெளிச்சம் பெற்ற ஏழை வீடு திட்டத்தின் தோல்வியாகவும், பூட்டிக் கிடக்கும் பங்களா அதன் வெற்றியாகவும் பதிவாகும். இரக்கம் உள்ளவர்கள் முதலில் எதிர்க்கவேண்டியது இந்த அளவுகோலைத்தான்.

கோரிக்கைகள் எளியவை. அரசு வெளியிடும் ஒவ்வொரு சேமிப்பு எண்ணுக்கும் அருகிலேயே அதன் அடிப்படைகள் அச்சாகவேண்டும்: எந்த வாட்டுக்குப் பதில் எந்த வாட், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு செயலிழப்பு. வழங்கிய பல்புகளில் எத்தனை இன்னும் எரிகின்றன என்பதற்கு மாதிரி ஆய்வு நடத்தப்படவேண்டும். முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடப்படவேண்டும். 2015 முதல் மாட்டிய கோடிக்கணக்கான பல்புகள் ஆயுள் முடிந்து வெளியேறும் காலம் இது, சி.எஃப்.எல். விஷயத்தில் நடந்தது மறுபடி நடக்காமல், அவற்றின் அலுமினியமும் மின்சுற்றுப் பலகையும் எங்கே போகின்றன என்பதற்கு இப்போதே கணக்கு வைக்கவேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கான கோரிக்கை இன்னும் சிறியது. அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். நெறியாளர்கள் ஓர் ஆய்வேட்டின் முன்னுரையில் பெரிய எண் ஒன்றைக் கண்டால் ‘இதை வகுத்துப் பார்த்தாயா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ‘சேமித்துள்ளது’ என்ற வினைமுற்றின் மீது விரல் வைத்து, ‘யார் அளந்தார்?’ என்று கேட்கவேண்டும். ‘அரசு இணையதளத்தில் இருக்கிறது’ என்ற பதில் போதாது. இணையதளத்தில் இருப்பது மூலச் சான்று அன்று, இன்னொருவரின் கூற்று. மாணவர்கள் மேற்கோள் காட்டும்போது ஓர் அடைமொழியைக்கூடத் தவறவிடக்கூடாது. ‘மதிப்பிடப்பட்ட’ என்று இருந்தால் அப்படியே எழுதவேண்டும். பொறியியல் துறைகளில் இந்த ஒழுக்கம் தளர்ந்தால் எண் கெடும். சமூக அறிவியல், மொழித் துறைகளில் தளர்ந்தால் எண் கெட்டதைக் கண்டுசொல்லவும் ஆள் இருக்காது.

ஜீரோ வாட் பல்புக்கு அப்பெயர் இட்டவர்களை மன்னித்துவிடலாம். அவர்கள் கையில் இருந்த மீட்டருக்கு அதைப் பார்க்கும் திறன் இல்லை. பார்க்க முடியாததைப் பார்த்ததாக அவர்கள் சொல்லவும் இல்லை. இன்றைய ஆய்வாளரின் கையில் நல்ல மீட்டர் இருக்கிறது, கணிப்பான் இருக்கிறது, ‘ஆம்’ என்ற விகுதியும் இருக்கிறது. மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, அளக்காததை அளந்ததாக எழுதுபவருக்கு மன்னிப்புக் கேட்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை.